பத்தியமும் பாசமும்



இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய். சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். உப்பைக் குறைக்க வேண்டும், மீன் இறைச்சியைக் குறைக்க வேண்டும், பருப்பு அளவோடு, இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மகன் அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்தார். மருமகள் அதைப் பார்த்துப் பார்த்தே சமைத்தாள். ஆறு மாதம் சென்றது. ஒரு நாளாவது பத்தியம் தவறவில்லை என்று அந்த வீட்டார் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தத் தாயின் சட்டை தோளில் நிற்க மறுத்தது. கையிலிருந்த காப்பு முழங்கைவரை ஏறியது. ஞாயிறு பூசைக்குக் கால்நடையாகப் போனவர், இப்போது வாசற்படி இறங்கவும் ஆள் தேடினார். அடுத்த தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது வைத்தியர் நிறையைப் பார்த்துவிட்டு, "இவவைப் பட்டினி போடச் சொல்லி நான் சொல்லவில்லையே" என்றார். சாப்பாட்டில் சத்தைக் கூட்ட வேண்டும், ஆனால் தாளில் விலக்கியவை விலக்கியவையே என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. தாய் சாப்பிட மறுத்தார். "இவ்வளவு நாளும் குறை குறை என்றவர்கள் இப்ப கூட்டு கூட்டு என்கிறார்கள்; எனக்குப் பயமாயிருக்கு" என்றார். ஆகவே மருமகள் தானாக ஒரு வழி கண்டாள். சவ்வரிசிக் கஞ்சியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு கரண்டி எண்ணெயும் கொஞ்சம் சீனியும் கலந்தாள்.

"என்ன பிள்ளை, கஞ்சி ஒருமாதிரி வழுவழுப்பாயிருக்கு? என்ன போட்டனீ?"

"ஒண்டும் போடேல்லை மாமி. எப்பவும் போலத்தான்."

மாமி குடித்தார். சில வாரங்களில் முகத்தில் கொஞ்சம் தெளிவும் வந்தது. ஆனால் மருமகளின் மனம் மட்டும் தெளியவில்லை. செய்தது அன்பா, வஞ்சகமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியமா, சொல்லத் தேவையில்லாததா?

இது ஒரு வீட்டுக் கதையென்று ஒதுக்கிவிடாதீர்கள். நீரிழிவாலோ, இரத்த அழுத்தத்தாலோ, சிறுநீரக நோயாலோ தொடப்படாத குடும்பம் நம்மிடையே அரிது. 1990-களில் மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் கமக்காரரிடையே கண்டறியப்பட்ட, காரணம் இன்னதென்று திட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே இன்றோ நாளையோ நம் ஒவ்வொருவர் குசினிச் சுவரிலும் அப்படி ஒரு தாள் ஒட்டப்படலாம். அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்பதே நமது கேள்வி.

தாள் சொல்வதும் சொல்லாததும்

முதலில் அந்தத் தாளின் நியாயத்தை அறிந்துகொள்வோம். நாம் உண்ணும் புரதம் உடலில் பயன்பட்ட பின் கழிவாகிறது. அக்கழிவை இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் கழிவு தேங்குகிறது. ஆகவே புரதத்தை அளவாக்குகிறார்கள். இரத்தச் சுத்திகரிப்பு தொடங்காத நோயாளிக்கு, நிறை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.6 முதல் 0.8 கிராம் புரதமே போதுமென்பது பொதுவான கணக்கு. ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. அதே நோயாளிக்கு நிறை ஒரு கிலோவுக்கு 25 முதல் 35 கலோரிவரை சக்தி கிடைக்க வேண்டும். அதாவது 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 1500 கலோரி.

மீனும் பருப்பும் குறைந்த கோப்பையில் இந்தச் சக்தி எங்கிருந்து வரும்? ஒரு கோப்பைச் சோறு சுமார் 200 கலோரி. மூன்று வேளையும் ஒவ்வொரு கோப்பைச் சோறும் அவித்த மரக்கறியும் என்றால் 800 கலோரி தேறுவதே கடினம். மீதி எங்கே? உடல் அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. விறகில்லாத வீட்டில் கூரை வளையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போல, தன் தசையையே எரிக்கிறது. தசையும் புரதந்தானே? அது எரிந்த கழிவும் அதே இரத்தத்தில்தான் சேர்கிறது. எதைத் தடுக்கப் பத்தியம் வைத்தோமோ அதையே பட்டினி கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தத் தாய்க்கு நேர்ந்தது இதுதான்.

ஆகவே "குறை" என்பது தாளின் பாதிதான். "குறைத்த இடத்தை வேறொன்றால் நிரப்பு" என்பது மறுபாதி. எழுதப்பட்ட பாதியை மட்டும் பார்த்து, எழுதப்படாத பாதியை மறந்துபோவது நமக்குப் புதியதல்ல. ஓய்வுநாள் சட்டத்தைக் கண்ணுங் கருத்துமாய்க் காத்தவர்கள், அந்நாளில் சூம்பிய கையுடைய மனிதன் சுகமடைந்ததைக் கண்டு சினந்ததை நாம் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். சட்டம் எவருடைய நன்மைக்காகத் தரப்பட்டதோ அவரை மறந்து சட்டத்தை மட்டும் காப்பவன் சட்டத்தையே மீறுகிறான். சுவரில் ஒட்டிய தாள் சீனாய் மலையின் கற்பலகையல்ல. அது ஒரு நோயாளியின் உயிருக்கு ஊழியம் செய்ய வந்த தாள்.

நமது முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்குப் பத்தியம் என்றால் வெறுமனே விலக்குவது மட்டுமா? மிளகும் மல்லியும் அரைத்துச் சேர்த்த பத்தியக்கறி, நல்லெண்ணெய், பால்சுறா என்று தேடித்தேடிக் கொடுப்பதும் பத்தியத்தில் சேர்ந்ததுதான். விலக்கும் ஊட்டமும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. நாம்தான் அதைப் பாதியாக்கிவிட்டோம்.

திருச்சபையின் ஒழுங்கும் இவ்வாறே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 18 வயது நிறைந்தோர் 59 வயது நிறையும்வரை ஒருசந்தி காக்க வேண்டும் என்கிறது. நோயுற்றவர்களோ எக்காலத்திலும் அக்கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்களே. ஒருசந்தியைப் பற்றி விரிவாக எழுதிய புனித தோமஸ் அக்குவினாரும், இயற்கை தாங்காத அளவுக்கு உணவை ஒறுப்பது புண்ணியமாகாது. புண்ணியம் நியாயத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்றே கற்பித்தார்.

அறிவில்லாத அன்பு

இதைக் கேட்டவுடன் சிலர் மகிழ்ந்து, "அதுதானே, நாங்கள் முன்னமே சொன்னோம், ஒருநாள் சாப்பிட்டால் என்ன வந்துவிடப் போகிறது" என்று புறப்பட்டுவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இத்தகைய அன்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வருத்தக்காரரைப் பார்க்க வரும்போது கையில் இரண்டு இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கும். "உடம்புக்குக் குளிர்ச்சி, குடியுங்கோ அக்கா" என்பார்கள். மகள் தடுத்தால், "தாய்க்கு ஒரு இளநீர் கொடுக்கவும் மனமில்லாதவள்" என்று வெளியில் போய்ச் சொல்வார்கள்.

ஒரு கோப்பை இளநீரில் பல நூறு மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. நலமுள்ளவருக்கு அது நன்மை. சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் அது தேங்கினால் இதயத்தின் துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம். சிங்களத்தில் காமரங்கா என்று சொல்லப்படும் நட்சத்திரப்பழம் இன்னும் கொடியது. சிறுநீரக நோயாளிக்கு ஓயாத விக்கலையும் மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடியது. அன்போடு கொடுத்தோம் என்பதற்காக இவை தம் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

ஆகவே கூட்டுவது என்றால் எதையும் கூட்டுவதல்ல. புரதமும் பொற்றாசியமும் உப்பும் சேராமல் சக்தி மட்டும் சேரும் வழியைத் தேட வேண்டும். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. மாவும் சீனியும் 4 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. அதில் புரதமோ பொற்றாசியமோ இல்லை. சவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாச்சத்து. அவித்து நீர் வடித்த மரக்கறியைத் தாளித்துக் கொடுப்பது, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைவது, மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாகப் பிரிப்பது, இவையெல்லாம் செலவு அதிகமில்லாத வழிகள். ஆயினும் நீரிழிவும் சேர்ந்திருந்தால் சீனி உதவாது. இதய நோயிருந்தால் எந்த எண்ணெய் என்பதையும் கேட்க வேண்டும். இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்கிவிட்டாலோ கணக்கே மாறிவிடும். அப்போது புரதத்தைக் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேலும் கூட்டச் சொல்வார்கள். எனவே பக்கத்து வீட்டுத் தாளைப் பார்த்து நம் வீட்டில் சமைக்கக் கூடாது. கேட்டுச் செய்வது வெட்கமல்ல. தெரிந்துகொள்ளும் சிரமத்தை ஏற்காத அன்பு பெரும்பாலும் நம்மையே மகிழ்விக்கும் அன்பு, நோயாளியை அல்ல.

"ஒண்டும் போடேல்லை"

இனி மருமகளின் கேள்விக்கு வருவோம். அவள் கூட்டியது சரியான பொருள்தான். வைத்தியர் சொன்னபடிதான். ஆனால் கேட்டபோது இல்லையென்றாள். நல்லதுக்குச் சொன்ன பொய் பொய்யாகுமா?

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றித் தனியாக இரண்டு நூல்கள் எழுதியவர். எந்த நன்மையின் பொருட்டும் பொய் சொல்லலாகாது என்பது அவர் முடிவு. புனித தோமஸ் அக்குவினார் பொய்களை வகைப்படுத்தினார்: தீங்கு செய்யச் சொல்லும் பொய், வேடிக்கைக்குச் சொல்லும் பொய், ஒருவருக்கு உதவச் சொல்லும் பொய். மூன்றாவது வகையின் குற்றம் சிறிது, அது அற்ப பாவம் என்றார். ஆனால் குற்றமேயில்லை என்று சொல்லவில்லை. அதே வேளையில் வேறொரு வாசலையும் திறந்து வைத்தார். பொய் சொல்லுவது வேறு. உண்மையை விவேகத்தோடு சொல்லாமல் வைத்திருப்பது வேறு. சமைக்கிறவள் கறியில் இட்ட ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லக் கடமைப்பட்டவளல்ல. ஆனால் உண்பவர் நேராகக் கேட்டபின், "ஒண்டும் போடேல்லை" என்பது மௌனமல்ல, பொய்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ண வேண்டாம். வேதாகமத்தில் ஒரு சாப்பாடு வருகிறது. கண் மங்கிய முதியவர் ஈசாக்கு. அவருக்குப் பிரியமான சுவையில் ரெபேக்கா சமைக்கிறாள். இளைய மகன் மூத்தவனைப் போல வேடமிட்டு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கிழவர் சந்தேகத்தோடு கேட்கிறார். கையைத் தடவிப் பார்க்கிறார். குரல் ஒன்றாகவும் கை வேறாகவும் இருக்கிறதே என்று தவிக்கிறார். ஆசீர்வாதம் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வீடு உடைந்தது. அண்ணன் தம்பியைக் கொல்லத் தேடினான். தம்பி பல ஆண்டுகள் பரதேசியானான். பார்வையற்ற ஒருவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காத வீட்டில், உணவும் ஒரு கண்ணியாகிவிட்டது.

வருத்தக்காரருக்குப் பல சுதந்திரங்கள் போய்விட்டன. விரும்பிய இடத்துக்குப் போக முடியாது; விரும்பியதைத் தின்ன முடியாது; குளிப்பதற்கும் ஒருவர் வேண்டும். அவருக்கு மிஞ்சியிருப்பது ஒன்றே: தனக்கு முன் வைக்கப்பட்ட கோப்பையை நம்புவது. கஞ்சியில் ஏதோ மறைத்துக் கலந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்தால், நாளை நாம் கொடுக்கும் தண்ணீரையும் அவர் முகர்ந்து பார்ப்பார். 500 கலோரியைச் சேர்த்து நம்பிக்கையைக் கழித்தால் கணக்கில் மிஞ்சுவது என்ன? அதுவுமன்றி, அவர் சிறு பிள்ளையல்ல. பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வீட்டை நடத்திய தாய். தன் உடலைப் பற்றிய முடிவில் தனக்கும் ஒரு சொல் உண்டென்று எண்ணுவது அவருடைய உரிமை.

ஞாபகம் முற்றாகத் தடுமாறியவர்கள் விடயத்தில் நிலைமை சற்று வேறு. அவர்களுக்கு விளங்கும் அளவுக்குத்தான் சொல்ல முடியும். அங்கும்கூட, "இது உங்களுக்கு நல்லது அம்மா, டொக்டர் தரச் சொன்னவர்" என்பது உண்மையாகவும் போதுமானதாகவும் இருக்கும்.

மறுப்பின் பின்னால்

சொன்னால் சாப்பிட மாட்டாரே, பிறகென்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏன் மறுக்கிறார் என்று நாம் கேட்டோமா? சிலர் பயத்தால் மறுக்கிறார்கள். ஆறு மாதம் நாம் ஊட்டிய பயம் ஒரே நாளில் போய்விடுமா? சிலருக்கு உப்பில்லாத சாப்பாட்டில் ருசியே இல்லை. தேசிக்காய்ப்புளி சிறிது, மிளகு, உள்ளி, கறிவேப்பிலை கொண்டு அதை ஓரளவு திருத்தலாம். சிலர் "பிள்ளைகளுக்கு ஏன் பாரம், கெதியாய்ப் போய்ச் சேருவம்" என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டவர்கள். அவர்களுக்கு எண்ணெயும் சீனியும் மட்டும் மருந்தாகா. இன்னும் சிலர் பசியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதாக எண்ணுகிறார்கள். அவர்களுக்குப் பங்குக் குருவானவர் அன்போடு சொல்லலாம்: உங்களுக்கு இன்று விதிக்கப்பட்ட தபசு உண்ணாதிருப்பதல்ல, விருப்பமில்லாதபோதும் உண்பதே.

எலியாஸ் தீர்க்கதரிசி சாவை வேண்டிக்கொண்டு ஒரு செடியின் கீழே படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டினான். அவர் உண்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந் தரமும் வந்தான். போகவேண்டிய வழி நெடியது என்று காரணத்தையும் சொன்னான். தொடுதல், உணவு, காரணம், பொறுமையோடு மறுபடியும் வருதல்: நோயாளியைப் பராமரிப்போர்க்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? யாயீரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவரும், வியந்து நின்ற பெற்றோரிடம் முதலில் சொன்ன காரியங்களில் ஒன்று அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படிதான்.

அசிசியாரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கடும் ஒருசந்தி இருந்த சகோதரர்களில் ஒருவர் நடு இரவில் பசியால் சாகிறேனென்று கத்தினார். பிரான்சிஸ் எழுந்தார், கண்டிக்கவில்லை. மேசை போடச் செய்து, அந்தச் சகோதரர் தனியாக உண்ண வெட்கப்படுவாரென்று, தாமும் உட்கார்ந்து அவரோடு உண்டார். அவரவர் உடலின் இயல்பை அறிந்து அவரவர் நடக்க வேண்டுமென்றும் மற்றவர்களுக்குப் போதித்தார்.

நம் வீடுகளில் வருத்தக்காரருக்கு வேறு பானை, வேறு நேரம், வேறு மூலை. மற்றவர்கள் மீன்குழம்போடு மேசையில் இருக்க, அவர் அறைக்குள் கஞ்சியோடு இருக்கிறார். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒரு வேளையாவது வீடு முழுவதும் அவருடைய சாப்பாட்டையே சாப்பிடட்டும். அது மற்றவர்களுக்கும் கெடுதல் செய்யாது. பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்து குடிக்கும் கஞ்சி வேறு, சுவரைப் பார்த்துக் குடிக்கும் கஞ்சி வேறு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஒரு காலம் வரும். உடல் தன் பயணத்தை முடித்துக்கொள்ளும் காலம். அப்போது உணவை அது தானாகவே விலக்கும். அந்நேரத்தில் வலிந்து ஊட்டுவது அன்பாகாது. அளவுக்கு மீறிய பாரமான வழிகளைக் கையாள ஒருவரும் கடமைப்பட்டவரல்லர் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் 1957-இல் வைத்தியர்களுக்குத் தெளிவாகச் சொன்னார். அப்போது உதட்டை நனைக்கும் ஒரு கரண்டித் தண்ணீரும் கையைப் பற்றியிருக்கும் ஒரு கையும் போதும்.

நம் பங்குகளுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. புனித வின்சென்ட் தே போல் சபையினர் வீடுகளைச் சந்திக்கும்போது, வழக்கமான பொதியைக் கொடுக்குமுன், "இந்த வீட்டு நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஆகாத பழச் சீப்பிலும் மா டின்னிலும் பார்க்க, ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு கிலோ சவ்வரிசியும் பெரிய தருமமாக இருக்கலாம்.

அந்த மருமகளுக்கு நாம் என்ன சொல்வோம்? மகளே, உன் கை செய்தது நல்லது. உன் வாய் சொன்னதைத் திருத்திக்கொள். நாளைக் காலையில் கஞ்சியைக் கொண்டுபோய் மாமி பக்கத்தில் உட்கார். "மாமி, இவ்வளவு நாளும் இதுக்குள்ளை எண்ணெயும் சீனியும் போட்டுத்தான் தந்தனான். நீங்கள் மெலியிறதைப் பாக்கேலாமல் செய்தனான். கேட்கேக்கை பொய் சொல்லிப்போட்டன், மன்னியுங்கோ" என்று சொல். அவர் கோபிக்கலாம். ஒருவேளை அன்று குடிக்காமலும் விடலாம். மறுநாளும் போ, தூதன் இரண்டாந் தரமும் வந்தான் அல்லவா? பயமில்லாமல், தெரிந்து, தன் மனதோடு அவர் குடிக்கும் முதற் கோப்பையில் இருக்கும் சத்து, மறைத்துக் கொடுத்த கோப்பைகளில் இருந்ததிலும் அதிகம்.

வாசகர்களே, இன்று உங்கள் குசினிச் சுவரிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், அதை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். அதன் கீழே வெற்றிடம் இருக்கும். "இதற்குப் பதிலாக எதைக் கூட்டலாம்?" என்று அதில் எழுதி, அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். போகும்போது வருத்தக்காரரையும் பக்கத்தில் இருத்தி, அவர் கேட்கும்படியாகவே கேளுங்கள்.